குறைந்துவிட்ட எண்

கொல்லிமலை
18.3.2024

அன்புள்ள சாமியப்பன் அண்ணனுக்கு,

தேவராஜ் எழுதுவது. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கொல்லிமலை அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர். நான் பதினேழாம் டோக்கன், நீங்கள் பதினெட்டு. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு “கல்லடைப்புங்க” என்றீர்கள். “எனக்கும் கல்தான்” என்றேன். வெளியே வந்தபோது இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி அட்டை: புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், ஆரம்ப நிலை. அதைப் பார்த்து நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா சொன்னதை இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டி சிறியது, சாதுவானது, சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது. இப்போதைக்கு அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபடியும் ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். எண் ஏறினாலோ கட்டி வளர்ந்தாலோ அப்போது வைத்தியம். உங்கள் எண் 6.4, என்னுடையது 7.1.

இது சரியான வழிதான். முப்பது வருடமாக மருந்து கொடுப்பவன், எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்கே என்று ஆனபோது கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. மலையேறியதிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கம்பெனி ஐந்து சத்து மாத்திரைகளை ஆறு மாதத்துக்கென்று ஒரே பெட்டியில் விற்கிறது. துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஈ, தக்காளிச் சத்து, கூடவே பயோட்டின் என்ற பழுப்பு மாத்திரை. கடைசியது முடிக்கும் நகத்துக்கும் என்று விற்பது, உடம்புக்கும் தெம்பு. எனக்கு ஒரு பெட்டி வாங்கினேன், உங்களுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். காலை பலகாரத்துக்குப் பிறகு ஐந்தையும் போடுங்கள்.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டாம். பெரிய டாக்டர்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சிரிப்பார்கள். போனிலும் வேண்டாம், என் குவார்ட்டர்ஸில் டவர் வந்தால் வந்தது. சேலத்தில் டீச்சராக இருக்கும் என் மனைவி ஜெனிபரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பெயரையும் நோயையும் சொல்லி ஜெபிப்பார்கள். அது எந்த இடத்து நோய் என்று அத்தனை பேரும் யோசிப்பார்கள்.

தேவராஜ்


பேளுக்குறிச்சி
2.4.2024

தேவராஜ் சாருக்கு, சாமியப்பன் வணக்கம்.

பெட்டி வந்தது. பால் சொசைட்டி முகவரியை அன்றைக்கு உங்களிடம் எழுதிக் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்திருந்தால் மருமகள் பிரித்து, மகன் கதிர்வேல் போனில் தட்டிப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். சொசைட்டிக்கு நான் தலைவர், என் தபாலை யாரும் தொடமாட்டார்கள். எழுத்தர் அண்ணாமலை மட்டும், “ஏனுங்க தலைவரே, மாட்டு மருந்துங்களா?” என்றான். “ஆமாப்பா” என்றேன். கலப்புத்தீவன மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

போன் எனக்கும் ஆகாது. காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். நீங்கள் மலைமேல் மூத்திரம் என்றால் இங்கே நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

என் வீட்டுக்காரி பொன்னாத்தாளிடம் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் குடலில் புற்று வந்து போனவர். அந்த வார்த்தை காதில் விழுந்தால் அன்றோடு அவளுக்குச் சோறு இறங்காது. அப்புறம் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. அறுபத்தாறு வயதில் என்ன வெட்கம் என்பீர்கள். வருகிறது, என்ன செய்வது.

சார், குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி தெரிந்தால் நான் அன்றைக்கே மருந்து அடிப்பேன். இங்கே அடிவயிற்றில் பூச்சி உட்கார்ந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே இரு என்கிறார்கள். எப்படி இருப்பது? வாய்க்காலைத் திருப்பிவிட்டு மண்வெட்டியோடு நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய வந்தேன் என்று மறந்துபோகிறது. சொசைட்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உங்கள் மாத்திரையால் காலையில் செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்திருக்கிறது. ஐந்தையும் விழுங்குகிறேன். டாக்டரம்மாவிடம் மூச்சு விடமாட்டேன்.

சாமியப்பன்


பேளுக்குறிச்சி
9.9.2024

சார்,

1.1!

தாளை நாலு தடவை பார்த்துவிட்டேன். என் பெயர்தான், என் வயதுதான். 6.4 எங்கே, 1.1 எங்கே! டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். “வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா பெரியவரே?” என்றார். “இல்லீங்க, சோறுதானுங்க” என்றேன். பொய் சொன்னது கொஞ்சம் உறுத்தியது. சேலம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு போண்டா சாப்பிட்டதும் அதுவும் போய்விட்டது.

இன்னொரு சங்கதி. என் வழுக்கையில் முடி முளைக்கிறது. மெய்யாகத்தான் சொல்கிறேன், காதுக்கு மேலே பூனைமுடி மாதிரி. பொன்னாத்தாள் எண்ணெய் தேய்க்கும்போது பார்த்துவிட்டாள். “இந்த வயசுல யாருக்குங்க இந்த அலங்காரம்?” என்கிறாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

நீங்கள் தெய்வம் சார். அடுத்த பெட்டி எப்போது வரும்? உங்கள் எண் எவ்வளவு?

சாமியப்பன்


கொல்லிமலை
17.9.2024

அன்புள்ள அண்ணா,

என்னுடையது 1.6.

உங்கள் கடிதம் வரும்வரை எழுதாமல் இருந்தேன். என் ஒருவனுக்கு மட்டும் குறைந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். இரண்டு பேருக்கும் என்றால் தற்செயல் இல்லை. காலையில் புறநோயாளிகளுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போதுகூடச் சட்டைப்பையில் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக யாரோ எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்தவன். நானே யோசித்து, நானே தேர்ந்தெடுத்து, இரண்டு பேரைத் தேற்றியிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது அண்ணா, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு வேகமாகக் குறையும் என்று நான் படித்த எதிலும் இல்லை. அது ஒரு நிமிடம் நெருடியது. நல்லது நடக்கும்போது ஏன் நோண்டுவது என்று விட்டுவிட்டேன். அடுத்த பெட்டி இதோடு வருகிறது.

தேவராஜ்


பேளுக்குறிச்சி
20.1.2025

சார்,

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்கள். வருடம் ஆகப்போகிறது, பிப்ரவரியில் சதை எடுக்க வர வேண்டும் என்றார்கள். போன தடவை ஊசி குத்தி மூன்று நாள் உட்கார முடியாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயலில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். 1.1 இருக்கும்போது எதற்குக் குத்த வேண்டும்?

நான் செய்தது சரிதானே? ஒரு வரி எழுதுங்கள். மூத்திரம் போவது மட்டும் முன்னைப் போலவேதான் இருக்கிறது, கொஞ்சம் மோசம் என்றும் சொல்லலாம். எண் குறைந்தால் இதுவும் குறைய வேண்டும்தானே?

சாமியப்பன்


கொல்லிமலை
29.1.2025

அண்ணா,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஐந்து மாத்திரைகளையும் நிறுத்திவிடுங்கள். முதலில் நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு படியுங்கள்.

எங்கள் லேப் டெக்னீஷியன் சங்கீதா நாமக்கல்லில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு நேற்றுத் திரும்பினாள். மலையில் மிளகு பறிப்பு நடக்கிறது, நோயாளிகள் கூட்டம் இல்லை. டீ குடித்துக்கொண்டே பயிற்சியில் கேட்டதைச் சொன்னாள். “முடி வளர்ற மாத்திரை போடுறாங்கல்ல சார், அவங்களுக்கு தைராய்டு எண்ணெல்லாம் தப்புத் தப்பா வருதாமுங்க. மாத்திரையை நிறுத்திட்டுத்தான் ரத்தம் எடுக்கணுமாம்.” டீயைக் கீழே வைத்துவிட்டு, “தைராய்டு மட்டுமா?” என்றேன். கையேட்டைப் புரட்டினாள். “பி.எஸ்.ஏ.வும் போட்டிருக்குங்க. அது குறைச்சலாக் காட்டுமாம்.”

ரத்தத்தில் பி.எஸ்.ஏ.வைப் பிடித்து அளக்க, சில இயந்திரங்களில் பயோட்டினையே கொக்கியாக வைத்திருக்கிறார்கள். நம் ரத்தத்தில் பயோட்டின் நிரம்பிக் கிடந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும். பிடிபட வேண்டியது பிடிபடாமல் போய்விடும். அந்தப் பழுப்பு மாத்திரையில் இருப்பது ஒரு நாளைக்கு வேண்டிய அளவைப் போல முந்நூறு மடங்கு. நோய் குறையவில்லை அண்ணா, எண்தான் குறைந்தது. நோய் எப்படி இருக்கிறதென்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அத்தோடும் முடியவில்லை. நேற்று எனக்குப் பிடித்ததை மட்டும் படிக்காமல் எல்லாவற்றையும் படித்தேன். செலினியத்தையும் வைட்டமின் ஈயையும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் வருடக்கணக்கில் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டும் நோயைத் தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் போட்டவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது. அது வெளிவந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே நான் படித்திருக்க வேண்டியது.

பத்து நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், என் பெயரையும் சொல்லுங்கள். சதை எடுக்கப் போங்கள். போக வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு தப்பு. உங்களை அந்தத் தப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

தேவராஜ்


பேளுக்குறிச்சி
7.2.2025

தேவராஜுக்கு,

சார் என்று எழுதக் கை வரவில்லை.

எங்கள் சொசைட்டியில் காலையில் நடப்பது உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பாலில் தண்ணீர் கலப்பவன் அத்தோடு விட்டால் பால்மானி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுவான். மானி மேலே ஏறி நல்ல பால் என்று நிற்கும். பத்து வருடமாக அந்த ஆட்களைப் பிடித்தவன் நான். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் பாப்பாயி ஒரு நாள் அப்படிச் செய்தாள் என்று, அத்தனை பேர் முன்னாலும் அவள் கேனைக் கவிழ்த்து ஊற்றச் சொன்னேன். அவள் கேனைக் கழுவிக்கொண்டு போனாள். அப்பேர்ப்பட்ட என் உடம்புக்குள்ளேயே சர்க்கரையைக் கரைத்து ஊற்றியிருக்கிறீர்கள். மானியைப் பார்த்துவிட்டு நான் போண்டா தின்றிருக்கிறேன்.

போன தடவையும் படித்துவிட்டுத்தான் சொன்னீர்கள். இப்போதும் படித்துவிட்டுத்தான் சொல்கிறீர்கள். எதை நான் நம்ப? 1.1 என்று என் பெயர் போட்ட தாள் என் பெட்டியில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் எண் ஏறும். ஏறினால் அது உங்களால்தான் ஏறும். நான் நிறுத்தப்போவதில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சாமியப்பன்


கொல்லிமலை
12.2.2025

அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். என்னைத் திட்டுங்கள், கலெக்டருக்கு மனுப் போடுங்கள், எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று என் மானத்தை வாங்குங்கள். எல்லாம் எனக்குத் தகும். ஆனால் நிறுத்துங்கள். உங்கள் கோபத்துக்கு நான் இருக்கிறேன், அதை உங்கள் உடம்பின் மேல் காட்டாதீர்கள்.

நிறுத்தினால் ஏறுவது நோய் இல்லை. இருப்பது தெரியவரும், அவ்வளவுதான்.

தேவராஜ்


பேளுக்குறிச்சி
10.3.2025

தேவராஜ் சாருக்கு,

நிறுத்தினேன். உங்கள் கடிதத்துக்காக இல்லை. சொசைட்டியில் ஒரு நாள் மானியைக் கையில் எடுத்தேன், பாலில் விடாமல் அப்படியே கீழே வைத்துவிட்டேன். பெட்டியைக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ரத்தம் கொடுத்தேன். 8.9.

தாளை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் டாக்டரம்மாவிடம் ஐந்து மாத்திரையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியவரே” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஏப்ரல் கடைசியில் சதை எடுக்க நாள் குறித்திருக்கிறார்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். பொன்னாத்தாள் கையில் சோற்றுச் சட்டி. அதைக் கீழே இறக்கி வைத்தாள். அப்புறம் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். “மொதல்ல உண்ணுங்க, அப்பறம் அழுவறேன்” என்றாள். நான் உண்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னபடியே செய்தாள். ஒரு வருடமாக இவளிடம் மறைத்து என்ன கண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்றைக்கு உங்கள் கடிதங்களை எடுத்து வைத்து மறுபடியும் படித்தேன். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்? உங்கள் எண் என்ன?

சாமியப்பன்


கொல்லிமலை
17.3.2025

அண்ணா,

நான் நிறுத்தவில்லை. இன்று காலையும் போட்டேன்.

உங்களுக்கு நிறுத்துங்கள் என்று எழுதி, உறையை ஒட்டிவிட்டு, அதே கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அது மருந்து இல்லை என்று தெரிந்தே விழுங்குகிறேன். விழுங்கும்வரை என் எண் 1.6. விட்டுவிட்டால் அது என்னவென்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிய வேண்டாம் அண்ணா.

மூன்று முறை சேலத்துக்குக் கிளம்பினேன். இரண்டு முறை பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்தேன். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு எதிரில் வந்த பஸ்ஸில் ஏறி மேலே வந்துவிட்டேன். கண்டக்டர் நம் பழக்கம்தான். “என்ன சார், எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு மாதமாக இடுப்பில் ஒரு வலி இருக்கிறது. வேறு யாராவது கவுன்ட்டருக்கு வந்து இப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்களை அனுப்பிவிட்டு நான் இங்கேயே நின்றுகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

தேவராஜ்


பேளுக்குறிச்சி
24.3.2025

தம்பி,

இனிமேல் சார் இல்லை, தம்பிதான். அப்போதுதான் திட்ட வசதி.

மாத்திரை கொடுத்ததற்கு வந்த கோபத்தை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். நல்லது என்று நினைத்துச் செய்தாய். ஆனால் என்னைத் தனியாக முன்னால் தள்ளிவிட்டு, நீ பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாய் பாரு, அது ஆறவில்லை. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிப் படியில் எனக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டாமா? அந்த 8.9-ஐ வைத்துக்கொண்டு நான் யாரைப் பார்ப்பேன்?

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாரேன். பொன்னாத்தாள் கட்டுச்சோறு கட்டித் தருகிறாள். எங்கே போகிறேன் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இரண்டு பேருமாக அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுவோம். பன்னிரண்டு நாள் உன்னோடுதான் இருக்கப்போகிறேன். குவார்ட்டர்ஸில் ஒரு பாய் போட இடம் இருக்குமல்லவா? பன்னிரண்டாம் நாள் ஒரே பஸ்ஸில் கீழே இறங்குவோம். காரவள்ளியில் டீ கிடையாது.

வர வேண்டாம் என்று பதில் எழுதினாலும் அது என் கைக்குக் கிடைப்பதற்குள் நான் அங்கே இருப்பேன்.

சாமியப்பன்


பேளுக்குறிச்சி
3.5.2025

தம்பி,

கதிர்வேல் கையில் இதைக் கொடுத்து பைக்கில் அனுப்பியிருக்கிறேன். உறைக்குள் இருப்பது என் சதைப் பரிசோதனை ரிப்போர்ட். நேற்றுச் சாயந்திரம் வந்தது. டாக்டரம்மா புதன்கிழமைதான் பார்ப்பார். நாலு நாள் இதை வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நேற்றிலிருந்து களத்துக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று பொன்னாத்தாளைத்தான் கேட்க வேண்டும்.

கதிர்வேல், “நான் படிச்சுச் சொல்றனுங்கப்பா” என்றான். வேண்டாம் என்றேன். அண்ணாமலையும் கேட்டான், அவனுக்கும் கொடுக்கவில்லை. உறையை யாரும் பிரிக்கவில்லை. நீதான் படித்துச் சொல்ல வேண்டும். நீ ஒரு தடவை எனக்குத் தப்பாகச் சொன்னவன். அதனால் இந்தத் தடவை பத்து முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் கீழே வரும்போது ரத்தம் கொடுக்கப் பயந்துகொண்டு என் கையைப் பிடித்தபடியே வந்தாய். அன்றைக்கு உன் எண் 14.2 என்று வந்தது. உனக்கு எடுத்த சதையின் ரிப்போர்ட்டும் இந்த வாரம் வர வேண்டும் என்றாய். வந்துவிட்டதா? அதையும் எழுது. மறைத்தால் மறுபடியும் பாயைத் தூக்கிக்கொண்டு வாரேன்.

சாமியப்பன்


கொல்லிமலை
3.5.2025

அண்ணா,

கதிர்வேல் வெளியே உட்கார்ந்து பலாச்சுளை சாப்பிடுகிறான். தட்டு காலியாவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் உங்களுடையது. பத்து முறை இல்லை, அதற்கு மேலேயே படித்துவிட்டேன். பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்திருக்கிறார்கள். இரண்டே இடத்தில் நோய் இருக்கிறது, போன வருடம் இருந்த அதே சாதுவான வகை. வளரவில்லை, மாறவில்லை. எண் ஏன் ஏறியது என்பதை டாக்டரம்மா புதன்கிழமை சொல்லட்டும். இனி நான் ஊகித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தாளில் இருப்பது இதுதான், இதில் சந்தேகமே இல்லை. அண்ணிக்கு இந்தப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

என்னுடையது நேற்றே வந்துவிட்டது. நோய் ஒரு படி மேலே போயிருக்கிறது. சாது என்று இனிச் சொல்ல முடியாது. எலும்புக்குப் போகவில்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இடுப்பு வலி வெறும் இடுப்பு வலிதானாம். ஜூன் முதல் வாரத்தில் அறுவை. போன செப்டம்பரிலேயே சரியான எண் தெரிந்திருந்தால் என்று டாக்டரம்மாவிடம் போனில் ஆரம்பித்தேன். “அதை இப்பப் பேசி என்ன பண்றது தேவராஜ்” என்றார்.

ஜெனிபர் பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறாள். நீங்கள் இங்கே இருந்தபோது என்னை உட்கார வைத்து அவளுக்குப் போன் போட வைத்தீர்களே, அன்றிலிருந்து எல்லாம் அவளுக்குத் தெரியும். நேற்று என் தாளை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். எனக்குக் கண்ணீரே வரவில்லை. அதைப் பார்த்து அவளுக்குத்தான் பயமாகிவிட்டது. “கொஞ்சம் அழுதுடுங்களேன்” என்றுகூடச் சொன்னாள்.

இன்று உங்கள் உறையைப் பிரித்தேன். மாற்றம் இல்லை என்ற வரி வந்ததும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டேன். ஜெனிபர் சமையலறையிலிருந்து ஓடி வந்து என் தலையைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, ஒண்ணும் ஆகாது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் எனக்காக அழவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

தேவராஜ்